மதியத்துக்கு மேல் கணக்குப் பாடம்

எங்கள் பள்ளியில் என் வேலை மதியம் இரண்டு மணிக்குத்தான் தொடங்கும். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், சமய விதிகளைக் கறாராகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் நடத்தும் யெஷிவா, அதாவது சமயப் பள்ளி, அது. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, ஆண் பிள்ளைகள் மட்டும். நான் கணக்கு வாத்தியார். நான் உள்ளே நுழையும்போது பிள்ளைகள் பள்ளிக்கு வந்து கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஆகியிருக்கும். காலை எட்டு மணிக்கெல்லாம் தொழுகை. அப்புறம் மதியம் வரை ரெப்பி என்னும் சமய ஆசிரியரிடம் சமயப் பாடம்: வேதமான தோரா, அதற்கு ராஷி எழுதிய உரை, மிஷ்னா என்னும் பழைய சட்டத் தொகுப்பு, அதைப் பற்றிய விவாதங்களான கெமாரா. மிஷ்னாவும் கெமாராவும் சேர்ந்ததுதான் தல்மூத். பிறகு சாப்பாடு, கொஞ்ச நேரம் கூடைப்பந்து, மின்ஹா என்னும் பிற்பகல் தொழுகை. அதற்கும் பிறகுதான் ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல்.

இந்த ஏற்பாடு புதிதல்ல. 1886இல் மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில் தொடங்கப்பட்ட எட்ஸ் ஹயிம் யெஷிவாவிலேயே ஆங்கிலமும் கணக்கும் மாலை நான்கு மணிக்கு மேல்தான். நாளின் நல்ல நேரம் தோராவுக்கு. மிச்ச நேரம் மற்றதுக்கு. அந்த வரிசையை யாரும் மறைத்துப் பேசுவதில்லை. புனித நூல் ஒன்று கைதவறிக் கீழே விழுந்தால் உடனே எடுத்து முத்தமிடுவார்கள். கணக்குப் புத்தகம் விழுந்தால் எடுத்து மேசையில் வைப்பார்கள். ரெப்பி வகுப்புக்குள் வந்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். எனக்கும் எழுந்து நிற்கிறார்கள். அதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே ரெப்பிதான்.

வேலையில் சேர்ந்தபோது ஆசிரியர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று அலுவலகத்தில் விளக்கிச் சொன்னார்கள். வெளிச் சாப்பாட்டை வகுப்பறைக்குள் கொண்டுவரக் கூடாது. நன்றாகப் படித்த பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பதானால் பள்ளியிலேயே வாங்கிக் கொடுக்க வேண்டும். உறையில், யூத உணவு விதிப்படி செய்தது என்று காட்டும் கோஷர் முத்திரை இருந்தால் மட்டும் போதாது; பால் கறப்பதிலிருந்தே யூதர் ஒருவரின் கண்காணிப்பு வேண்டும் என்று பார்க்கும் குடும்பங்கள் உண்டு. நான் பென்சில் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டேன். பிள்ளைகளிடம் ஸ்மார்ட்போன் கிடையாது; பல வீடுகளில் இணையமும் கிடையாது. 'வீட்டில் போய் வீடியோ பார்த்துப் புரிந்துகொள்' என்று சொல்லவே முடியாது. எதுவானாலும் கரும்பலகையில், என் வாயால், அந்த நாற்பது நிமிடத்துக்குள் விளங்கியாக வேண்டும். எனக்கு அது பிடித்திருக்கிறது. பிள்ளைகளின் கண் என் கையில் இருக்கும் சுண்ணக்கட்டியை விட்டு அகலாத வகுப்பு இந்தக் காலத்தில் எத்தனை ஆசிரியர்களுக்குக் கிடைக்கும்?

பாடநூலில் உள்ள கணக்குகளையும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும். 'ஒரு சீஸ் பர்கர் மூன்று டாலர் என்றால்' என்று ஒரு கணக்கு வரும். இறைச்சியையும் பாலையும் சேர்த்துச் சாப்பிடாத பிள்ளைகள் அவர்கள். 'சனிக்கிழமை காரில் கிளம்பி மணிக்கு ஐம்பது மைல் வேகத்தில்' என்று இன்னொன்று. ஷாபோஸ் என்னும் சனிக்கிழமை ஓய்வுநாளில் கார் ஓட்டுவதில்லை. சனியை ஞாயிறாக்கினால் கணக்கு கெட்டுவிடப் போவதில்லை. ஆனால் மாற்றாமல் விட்டால், இந்தப் பாடம் வேறு யாருக்கோ எழுதியது என்ற எண்ணம் ஒரு பிள்ளையின் மனதில் விழுந்துவிடும். அப்படி விழ விடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

சீக்கிரமே வந்துவிடும் நாட்களில் காலை வகுப்பின் கடைசிப் பகுதியை வாசலில் நின்று கவனிப்பேன். அங்கே அமைதி என்பதே இல்லை. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்திருப்பார்கள். ஹவ்ரூசா என்பார்கள் அந்த ஜோடியை. ஒருவன் கெமாராவை ராகம் போட்டுப் படிப்பான், இன்னொருவன் இடைமறிப்பான். பக்கத்தின் நடுவில் மூலம். உட்பக்க ஓரத்தில் பதினோராம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷியின் உரை. வெளிப்பக்க ஓரத்தில், அவருக்குப் பின்வந்த தோசஃபோஸ் ஆசிரியர்களின் குறிப்புகள். ராஷியையே பல இடங்களில் மறுப்பார்கள். குறளைப் பரிமேலழகரோடு சேர்த்துப் படித்தவனுக்கு இந்தப் பக்கம் அந்நியமாகத் தோன்றாது. ரெப்பி நடுவில் நடந்துகொண்டே இருப்பார். சும்மா ஒப்புக்கொள்கிற பிள்ளையிடம்தான் அவர் முதலில் போய் நிற்பார்: "ஏன் ஒத்துக்கிட்டே? அவன் சொன்னதில் உனக்கு ஒரு கேள்வியும் வரலையா?"

இந்தப் பள்ளி பிள்ளையிடம் எதிர்பார்ப்பது இதைத்தான். நேரத்துக்கு வருவது, தலையில் கிப்பா என்னும் சிறு தொப்பி, சட்டைக்குள்ளிருந்து தொங்கும் சிட்சிஸ் நூல், ரொட்டி சாப்பிடும் முன் இரண்டு கைப்பிடி உள்ள குவளையால் கை கழுவிவிட்டு ஆசீர்வாதம் சொல்லும்வரை வாய் திறக்காமல் இருப்பது, இதெல்லாம் சின்ன வயதிலேயே பழகிப்போன விஷயங்கள். புதிதாக, கஷ்டப்பட்டுக் கற்றுக்கொள்ள வேண்டியது கேள்வி கேட்கத்தான்.

அந்தப் பழக்கம் மதியம் என் வகுப்புக்குள்ளும் வந்துவிடும். ஏழாம் வகுப்பில் வட்டத்தின் சுற்றளவு நடத்திக்கொண்டிருந்தேன். பை என்பது 3.14 என்று எழுதியதும் ஒரு பையன் கை தூக்கினான்.

"மிஸ்டர், கெமாராவில் மூன்றுன்னுதானே இருக்கு?"

அந்த வருடம் காலையில் அவர்கள் தல்மூத்தின் சுக்கா என்ற பகுதியைப் படித்துக்கொண்டிருந்தார்கள். சுக்கோஸ் பண்டிகைக்குப் போடும் பந்தல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது அதில் வரும் விவாதங்களில் ஒன்று. வட்டமான பந்தல் என்றால் அளவை எப்படிக் கணக்கிடுவது என்ற இடத்தில், சுற்றளவு மூன்று என்றால் குறுக்களவு ஒன்று என்று வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். இதற்கு ஆதாரமாகத் தல்மூத் வேறோர் இடத்தில் காட்டுவது, சாலமோன் கோயிலின் பெரிய வெண்கலத் தொட்டி பற்றிய வேத வசனத்தை: விளிம்புக்கு விளிம்பு பத்து முழம், சுற்றளவு முப்பது முழம்.

நான் என்ன சொல்வது? 'அது பழைய நூல், இது சரியான கணக்கு' என்று சொல்லி முடித்துவிடலாம். சொல்லியிருந்தால் அன்றோடு அந்தப் பையன் எனக்குக் காது கொடுப்பதை நிறுத்தியிருப்பான். அதைவிட முக்கியம், அந்தப் பதில் உண்மைக்கும் நியாயமாக இருந்திருக்காது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூத அறிஞர் ரம்பாம் என்ற மைமோனிடஸ் மிஷ்னாவுக்கு எழுதிய உரையில், வட்டத்தின் குறுக்களவுக்கும் சுற்றளவுக்கும் உள்ள விகிதத்தைத் துல்லியமாகச் சொல்லவே முடியாது, தோராயமாகத்தான் சொல்லலாம், அது நம் அறியாமையால் அல்ல, அந்த எண்ணின் இயல்பே அப்படி என்கிறார். அறிஞர்கள் மூன்றும் ஏழில் ஒரு பங்கும் என்று வைத்துக்கொள்கிறார்கள் என்கிறார். எப்படியும் துல்லியமாகச் சொல்ல முடியாது என்பதால் ஞானிகள் மூன்று என்ற முழு எண்ணையே எடுத்துக்கொண்டார்கள் என்றும் விளக்குகிறார். பை ஒரு விகிதமுறா எண் என்று கணித அறிஞர் லாம்பர்ட் நிரூபித்தது 1760களில். இதை நான் சொன்னதும் வகுப்பே முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது. அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ரம்பாம்தான். காலையில் ரெப்பியின் வாயில் தினமும் வரும் பெயர்தான். அந்தப் பெயர் கரும்பலகையில் பைக்குப் பக்கத்தில் வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

அடுத்த நாள் அந்தப் பையன் கெமாராவையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அதே பக்கத்தில் இன்னொரு விதி இருக்கிறது: சதுரத்தின் பக்கம் ஒரு முழம் என்றால், மூலைவிட்டம் ஒரு முழமும் ஐந்தில் இரண்டு பங்கும். அதாவது 1.4. அதற்கு தோசஃபோஸ் ஓரத்தில் ஒரு மறுப்பு எழுதுகிறார்கள். அதைச் சாக்பீஸால் வரைந்தோம். பத்து முழப் பக்கம் உள்ள ஒரு சதுரம். நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் சேர்த்தால் உள்ளே சாய்வாக இன்னொரு சதுரம் வரும். வெளிச்சதுரத்தின் பரப்பு நூறு. உள்சதுரம் அதில் சரிபாதி, ஐம்பது. அந்த உள்சதுரத்தின் ஒரு பக்கம் என்ன? ஐந்து முழச் சதுரத்தின் மூலைவிட்டம். விதிப்படி அது ஏழு முழம். ஏழேழு நாற்பத்தொன்பது. ஐம்பது வர வேண்டிய இடத்தில் ஒன்று குறைகிறது!

ஆகவே 1.4 என்பது கிட்டத்தட்டத்தான், சரியான அளவு அல்ல. இரண்டின் வர்க்கமூலத்தை அதைவிட அழகாக அறிமுகப்படுத்தும் பாடத்தை எந்தப் பாடநூலிலும் நான் பார்த்ததில்லை. "அப்போ சரியான எண் எது?" என்று அவர்களே கேட்டார்கள். 1.41 போட்டார்கள், 1.414 போட்டார்கள், பெருக்கிப் பெருக்கிப் பார்த்தார்கள். மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

எல்லா நாளும் இப்படி இருக்காது. குளிர்காலத்தில் நாலரை மணிக்கே வெளியே இருட்டிவிடும். எட்டு மணி நேரமாக உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கண்ணில் தூக்கம் கட்டிக்கொண்டிருக்கும். பெற்றோர் சந்திப்பில் ஒரு தந்தை, கணக்கில் தேர்ச்சி பெற்றால் போதும், மிச்ச மூளை கெமாராவுக்கு வேண்டும் என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார்; ஆனாலும் என் மனது கஷ்டப்பட்டது. அன்று மாலையே இன்னொரு தாய் வந்தார். அவர்கள் வழக்கப்படி ஆணோடு கைகுலுக்க மாட்டார், தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். கணக்குத் தணிக்கை வேலை பார்ப்பவர். என் மகன் எட்டாம் வகுப்பிலேயே இயற்கணிதத்தில் அரசுத் தேர்வு எழுத வேண்டும், அதற்கு என்ன செய்யட்டும் என்று கேட்டார். ஒரே வகுப்புக்குள் இந்த இரண்டு வீடுகளும் உண்டு.

நியூயார்க் மாநிலத்தில் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்துவருகிறது. தனியார் பள்ளியும் அரசுப் பள்ளிக்கு இணையான கல்வி தர வேண்டும் என்று பழைய சட்டம் உண்டு. ஆர்த்தடாக்ஸ் யூதர்களில் ஒரு பிரிவான ஹசிடிக் யூதர்களின் சில யெஷிவாக்களில் ஆங்கிலமும் கணக்கும் மிகக் குறைவாகவே சொல்லித்தருகிறார்கள் என்று, அங்கே படித்து வெளியே வந்தவர்களே முறையிட்டார்கள். 2022 செப்டம்பரில் மாநிலக் கல்வி வாரியம் அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த விதிகளை வகுத்தது. எதிர்ப்பும் வலுவாகவே கிளம்பியது. எங்கள் பள்ளியில் நிலைமை அப்படி இல்லை. ஆனால் முறையிட்டவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். இவ்வளவு கூர்மையாக வாதாடத் தெரிந்த பிள்ளைக்குப் பின்னமும் விகிதமும் தெரியாமல் போனால், அது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

வருட அட்டவணையும் வேறு மாதிரி. வெள்ளிக்கிழமை எனக்கு வகுப்பே இல்லை. சூரியன் மறைவதற்குப் பதினெட்டு நிமிடம் முன்னால் வீட்டில் ஷாபோஸ் விளக்கேற்ற வேண்டும், அதனால் பள்ளி மதியத்தோடு முடிந்துவிடும். ஞாயிறு காலை மட்டும் சமயப் பாடத்துக்கு வருவார்கள். ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோஸ் என்று பண்டிகைகள் அடுத்தடுத்து வந்து பள்ளி திறந்த வேகம் குறைந்துவிடும். சந்திர மாதம் என்பதால் தேதிகளும் வருடத்துக்கு வருடம் நகரும். பத்தொன்பது ஆண்டுக்கு ஏழு முறை ஒரு மாதம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். அதையும் பாடமாக்கிக்கொண்டேன். அவர்கள் கணக்கில் ஒரு மாதம் 29 நாள், 12 மணி, 793 பங்கு. ஒரு மணிக்கு 1080 பங்கு. பன்னிரண்டு மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் 354 நாள், 8 மணி, 876 பங்கு என்று வர வேண்டும். கால்குலேட்டர் இல்லாமல் போடுவார்கள்.

ஏழு, எட்டாம் வகுப்புகளில் வாரம் தவறாமல் யாருக்காவது பதின்மூன்று வயது நிறையும்: பார் மிட்ஸ்வா, சமயக் கடமைகளை ஏற்கும் வயது. அந்த வாரம் அந்தப் பையன் தோரா வாசிக்கும் ராகத்தை இயற்கணிதத்துக்கு நடுவிலும் முணுமுணுப்பான். நான் தடுப்பதில்லை. எட்டாம் வகுப்புக்குக் குளிர்காலம் இன்னும் கடினம். உயர்நிலை யெஷிவாக்களில் இடம் கிடைக்க ஃபார்ஹெர் என்ற நேர்காணல் உண்டு. கெமாராவைத் திறந்து வைத்து வாய்மொழியாகக் கேட்பார்கள். அந்த மாதங்களில் நான் வீட்டுப்பாடத்தைக் குறைத்துவிடுவேன், வகுப்பு வேகத்தைக் குறைக்க மாட்டேன்.

இப்போது எட்டாம் வகுப்பு ரெப்பியும் நானும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். அடுத்து எந்தப் பக்கம் நடத்தப் போகிறார் என்று முன்கூட்டியே எனக்குச் சொல்லிவிடுவார். அவர்கள் மதியப் பாடங்களில் கணக்கை முதல் பாடமாக வைக்க வேண்டும் என்று அலுவலகத்திடம் பேசியதும் அவர்தான். இந்த வருடம் தல்மூத்தின் பாவா மெட்சியா பகுதி. இரண்டு பேர் ஒரே துணியைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். 'முழுதும் என்னுடையது' என்கிறான் ஒருவன். 'பாதி என்னுடையது' என்கிறான் மற்றவன். முதலாமவனுக்கு முக்கால், இரண்டாமவனுக்குக் கால். ஏன் மூன்றில் இரண்டும் மூன்றில் ஒன்றும் இல்லை? ஒரு பாதியில் தகராறே கிடையாது, மற்ற பாதியை மட்டும்தான் பிரிக்க வேண்டும் என்பது பதில்.

இதற்கடுத்து கெசுபோஸ் பகுதியிலிருந்து கடினமான ஒன்றை எடுத்து வைத்தேன். மூன்று பேருக்கு 100, 200, 300 என்று கடன் பாக்கி. இருக்கும் சொத்து 100 என்றால் மூவருக்கும் சமம். 300 என்றால் 50, 100, 150. 200 என்றால் 50, 75, 75. மூன்றுக்கும் பொதுவான விதி என்ன? நூற்றாண்டுகளாக உரையாசிரியர்களைத் திணறவைத்த இடம் இது. 1985இல் கணித அறிஞர்கள் ராபர்ட் ஆமனும் மைக்கேல் மாஷ்லரும் அதே துணிக் கணக்கின் விதியைக் கொண்டு இதை அவிழ்த்துக் காட்டினார்கள். 2005இல் பொருளாதார நோபல் பெற்ற ஆமன் நியூயார்க்கில் யெஷிவா உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். அங்கே கிடைத்த கணக்கு ஆசிரியரே தன்னை இந்தப் பக்கம் இழுத்தவர் என்று சொல்லியிருக்கிறார். விடையை நான் இன்னும் சொல்லவில்லை. எந்த இரண்டு பேரை எடுத்துக்கொண்டாலும் துணிக் கணக்கு பொருந்துகிறதா என்று பார்க்கச் சொன்னேன். 300 வரைக்கும் வந்துவிட்டார்கள். 200இல் ஒரு ஜோடி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை அங்கிருந்து தொடங்க வேண்டும்.