கலங்கல்

ஜூலை 4
மேட்டூரில் வெள்ளம். நம் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேர்வது செம்மண் டீ. கலங்கல் நேற்று 9, இன்று காலை 41. நாள் முழுக்கப் படிகாரத்தோடு மல்லுக்கட்டு. இடுப்பில் அதே வலி.

ஜூலை 5
ஸ்கேன். இடப்பக்கச் சிறுநீரகத்தில் 6 மி.மீ. கல். "தினம் மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும்மா. எங்கே வேலை?" என்றார் டாக்டர். சொன்னேன். சிரித்துவிட்டார்.

ஜூலை 8
சாவி கேட்டேன். ஸ்டோர்காரர் லீவாம்.

ஜூலை 9
சின்னவள் இங்கே வேலைக்குச் சேர்ந்து இன்றோடு இருபத்தாறு நாள். ஏற்காட்டுக்கும் மேலே ஏதோ சிற்றூர். பி.எஸ்சி. வேதியியல். பம்ப் ஹவுஸ் ஆட்கள் 'மலைப்பாப்பா' என்கிறார்கள். இரண்டு முறை சொல்லிவிட்டேன், நிறுத்தவில்லை.

இன்று ஜார் டெஸ்ட், எவ்வளவு படிகாரம் போதும் என்று பார்க்க. ஆறு குவளை, ஆறு அளவு. நான் நான்காவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மூணாவதே போதுங்க அக்கா, கட்டி கட்டியா இறங்குது பாருங்க" என்றாள். அளந்து பார்த்தால் மூன்றாவதும் நான்காவதும் ஒரே தெளிவு. அன்றாடம் எத்தனை மூட்டை மிச்சம்! எப்படித் தெரிந்தது என்றால், மழை பெய்தால் அவர்கள் ஊற்று கலங்கிவிடுமாம், அம்மா பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டுக் காத்திருப்பார்களாம். எந்த நேரத்தில் மொள்ளணும் என்று சொல்வது இவள் வேலையாம். ஏழு வயசிலிருந்து.

இந்தக் கண்ணை எந்த நேர்காணலில் கண்டுபிடிப்பார்கள்?

ஜூலை 11
தலைமை அலுவலகத்திலிருந்து படிவம். பெண்கள் எத்தனை, பழங்குடியினர் எத்தனை, மாற்றுத்திறனாளிகள் எத்தனை. கூடவே ஒரு விளக்கக் குறிப்பு. 28 நாடுகளில் 64 குடிநீர் நிறுவனங்களை உலக வங்கி பார்த்ததாம், பணியாளர்களில் பெண்கள் சராசரி 18 சதவீதம், 2019 அறிக்கை. நாங்கள் 14 பேர், அதில் பெண்கள் இரண்டு. இன்னும் அரைப் பெண் கிடைத்தால் உலக சராசரியைத் தொட்டுவிடலாம்.

கழிப்பறை உண்டா என்று படிவத்தில் ஒரு கட்டம். 'உண்டு' என்று போடச் சொன்னார்கள். உண்டுதான். உள்ளே படிகார மூட்டை, வெளியே பூட்டு.

ஜூலை 12
அவள் தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே ஹாஸ்டல் திரும்புகிறது. எட்டு மணி நேரம். எனக்குக் கல் வந்தது இப்படித்தான். பதினோரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு அதற்கு அனுபவம் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

ஜூலை 17
ஆடி ஒன்று. இனி ஊரெல்லாம் மாரியம்மன் பண்டிகை, தண்ணீர்த் தேவை எகிறும்.

இரவு ஷிப்டில் குளோரின் கசிவு, சின்னதுதான். முதலில் மோப்பம் பிடித்தவள் அவள். அமோனியா நனைத்த பஞ்சைக் காட்டியதும், கசிந்த இடமான வால்வு கழுத்தில் வெள்ளைப் புகை. "கீழே குனியாதீங்க, காத்துக்கு எதிரே வாங்க" என்று அவள் கத்த, இருபது வருஷ ஆபரேட்டர்கள் பின்னாலேயே ஓடினார்கள். காலையில் ஒருவர் 'மேடம்' என்று கூப்பிட்டார். கேட்டுக்கொள்ளாத மாதிரி இருந்தாள்.

ஐந்தரை மணிக்கு அவளை ஹாஸ்டலில் விட வண்டி இல்லை. என் ஸ்கூட்டர்தான். பெண்களுக்கான இரவு வேலைத் தடையை 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியபோதே பாதுகாப்பு, வண்டி என்றெல்லாம் நிபந்தனை போட்டதாக யூனியன்காரர் சொல்வார். நிபந்தனைக்குப் பெட்ரோல் நான் போடுகிறேன்.

ஜூலை 18
வலி. லீவு.

ஜூலை 22
திருப்பூரில் சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் அவளுக்கு நேர்காணலாம். நாலாயிரம் கூட, ஹாஸ்டல் வாசலுக்கு வேன். "அங்கயும் தண்ணிதானேக்கா" என்றாள். தண்ணிதான். நம் தண்ணீர் இல்லை என்று சொல்ல வாய் வந்தது. என்ன 'நம்', ஒப்பந்தக்காரன் கொடுக்கும் சம்பளத்துக்கு.

மேலதிகாரிகளிடம் சொன்னேன். "போறவங்களைப் பிடிச்சு வைக்க முடியுமா, வேற பொண்ணைப் போடலாம்" என்றார்கள். எண்ணிக்கை குறையக் கூடாதாம்.

ஜூலை 24
நானே பூட்டை உடைத்தேன். பதினேழு மூட்டை. வாட்ச்மேன் அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் ஐந்து மூட்டை தூக்கினார். குழாய் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. பினாயில், புதுப் பூட்டு, இரண்டு சாவி. ஒன்று அவளிடம்.

ஜூலை 25
பாட்டில் பாதி.

ஜூலை 26
காலி!! நானும் ஒரு லிட்டர்.

ஜூலை 30
நேர்காணல் போய்விட்டு வந்தாள். கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இரண்டு பேரும் குழாய்த் தண்ணீரில் மிஞ்சி நிற்கும் குளோரினைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். கடைசித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மி.கி. நிற்கிறதாம்.

ஆகஸ்ட் 2
ஆடிப்பெருக்குக்கு ஊருக்குக் கிளம்பினாள். திங்கள் வருகிறேன் என்றாள். எந்தத் திங்கள் என்று கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 5
கலங்கல் 7. மூன்றாவது குவளையே. ஸ்டோர்காரர் வந்து, கழிப்பறைச் சாவி இரண்டையும் கணக்கில் ஏற்றணும் என்றார். ஒன்று என்னிடம் இருக்கிறது என்றேன். இன்னொன்று? அவளிடமே இருக்கட்டும் என்றேன்.