இரண்டாவது மேடு

ஆடி மாதம் எடைமேடைக்காரனுக்கு ஆகாத மாதம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுக்கும், எனக்குத் தலைவலியைக் கொடுக்கும். செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகிற சாலையில், புளியரைச் சோதனைச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் என் மேடை. பதினாறு வருடமாக அதே நாற்காலி. வைக்கோல் லாரி ஒன்று ஏறி நின்றால் போதும், வீட்டுச் சுவர் மாதிரி நிற்கிற அந்த லோடில் காற்று மோத மோத, இண்டிகேட்டரில் எண் நிற்காது. இருபது கிலோ ஏறும், முப்பது இறங்கும், மறுபடி ஏறும். காற்று அடங்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

போன ஆடியில் அப்படி உட்கார்ந்திருந்தபோது புனலூர் ஓட்டுநர் ஒருவர், "அண்ணாச்சி, காத்துக்கும் சேர்த்துக் காசு வாங்கரது, கேட்டோ" என்று சிரித்தார். பக்கத்தில் டீ கிளாசோடு நின்ற என் மகள் சும்மா இருக்கவில்லை. "எப்பா, காத்தை எடை போடுத மேடை மேல ஒண்ணு இருக்கு, தெரியும்லா?" என்றாள். திருநெல்வேலியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். வீட்டில் பாப்பா.

அவள் சொன்னது ஆதித்யா எல்-1, சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய கலம். அந்தப் பெயரை எங்கள் பக்கத்தில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டாம். திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். 2023 செப்டம்பர் 2 அன்று பகல் 11:50-க்கு ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பியபோது, என் கேபினில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. மேடையில் ஒரு எம்-சாண்ட் லாரி, பின்னால் இன்னும் நாலு. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. 'எங்க ஊர்ப் பிள்ளை' என்று நான் சொன்னதைக் கேட்டு ஓட்டுநர்கள் எல்லாம் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் அன்றைக்குப் பேச்சு முழுவதும் சூரியனைப் படம் பிடிக்கிற கருவிகளைப் பற்றித்தான். கலத்தில் இருப்பது ஏழு கருவிகள். நான்கு தூரத்திலிருந்து சூரியனைப் பார்ப்பவை. மிச்சம் மூன்று, கலம் நிற்கிற இடத்தில் தம்மேல் வந்து மோதுவதை அளப்பவை. சாலையில் போகிற லாரியைத் தூரத்திலிருந்து படம் பிடிப்பது ஒரு வேலை, மேடையில் ஏற்றிச் சீட்டுக் கொடுப்பது வேறு வேலை. என் சாதிக் கருவிகள் அந்த மூன்றும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மூன்றில் ஒன்று காந்தப்புலத்தை அளப்பது. மற்ற இரண்டும் துகள்களுக்கு. ஒன்றின் பெயர் ஆஸ்பெக்ஸ், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் செய்தது. இன்னொன்று, எங்கள் மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையத்தில் செய்தது. அதன் சுருக்கப் பெயரைக் கேட்டதும் நான் மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். பாபா என்று எழுதுகிறார்கள், என் வாயில் பாப்பா என்றுதான் வருகிறது.

சரி, காற்று. பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. சூரியனிலிருந்து எல்லாத் திசையிலும் ஓயாமல் வெளியே ஓடுகிற மின்னேற்றத் துகள்கள்தான் சூரியக் காற்று. பெரும்பகுதி புரோட்டான், நூற்றுக்கு நாலைந்து ஹீலியத்தின் கரு, அதைத்தான் ஆல்ஃபா என்கிறார்கள். அப்புறம் ஆக்சிஜன், இரும்பு என்று கொசுறு. கூடவே எலக்ட்ரான்கள். வேகம் சாதாரண நாளில் நொடிக்கு 400 கிலோமீட்டர் அளவில். சூரியனிலிருந்து இங்கே வர நாலு நாளுக்குச் சற்று மேல். அந்த வேகத்தைக் கேட்டதும் வைக்கோல் லாரி என்ன ஆகும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பாப்பா பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டாள். பூமிக்கு அருகே ஒரு கன சென்டிமீட்டரில் இருப்பது ஐந்து துகள் மாதிரிதான். மணிக்கு 40 கிலோமீட்டரில் அடிக்கிற எங்கள் ஆடிக் காற்று லாரியைத் தள்ளுகிற அழுத்தத்தோடு ஒப்பிட்டால், சூரியக் காற்றின் அழுத்தம் சுமார் 5,000 கோடியில் ஒரு பங்கு. லாரி என்ன, ஒரு வைக்கோல் துரும்பு அசையாது.

அப்படியென்றால் மொத்தமாக நிறுத்துப் பார்க்க முடியாது. ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். எப்படி எண்ணுகிறார்கள் என்று கேட்டேன். அடுப்படியிலிருந்து இரண்டு சிரட்டைகளை எடுத்து வந்தாள்.

சின்னச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கொஞ்சம் பெரிய சிரட்டையைத் தொடாமல் கவிழ்த்தால் நடுவில் ஒரு சந்து கிடைக்கும். துகள் மேலே உள்ள வாயில் நுழைந்து அந்த வளைந்த சந்து வழியாகக் கீழே வர வேண்டும். உள்சிரட்டைக்கு எதிர் மின்னழுத்தம் கொடுத்திருப்பார்கள், அது நேர்மின் துகளை உள்பக்கம் இழுக்கும். வேகம் கூடுதலான துகள் வளைய முடியாமல் வெளிச்சுவரில் முட்டும். மெதுவாக வருவது உள்சுவரில் போய் விழும். இழுப்புக்குச் சரியான ஆற்றல் உள்ளது மட்டும் சந்து கடந்து மறுபக்கம் வரும். எனக்கு உடனே புளியரை எஸ் வளைவு ஞாபகம் வந்தது, வேகமாக வருகிற லாரி அங்கேதான் தடுப்பை இடிக்கும். ஆனால் மெதுவாக வருகிற லாரிக்கு எஸ் வளைவில் ஒன்றும் ஆகாது. உவமை பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு படிக்கும் எத்தனை துகள் கடந்தது என்ற கணக்கு கிடைக்கும். கடைசியில் எண்ணுவது கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த ஒரு கண்ணாடித் தட்டு. ஒரு துகள் துளையின் சுவரில் பட்டால் ஒன்றிரண்டு எலக்ட்ரான் தெறிக்கும், அவை மேலும் சிலவற்றைத் தெறிக்க வைக்கும், அடிப்பகுதிக்கு வரும்போது அளக்கிற அளவுக்கு ஒரு மின்துடிப்பு. ஒரு துகளைப் பிடித்து லட்சக்கணக்கில் பெருக்கிக் காட்டுகிற வேலை. வெயிலும் அதே வாயில் வழியாக உள்ளே வந்துவிடும் என்பதால் இந்தமாதிரிக் கருவிகளில் உள்சுவரைக் கரி மாதிரி கறுப்பாக்கி வைப்பார்களாம். சூரியனைப் பார்க்கப் போன கருவிக்கு வெயில் இடைஞ்சல்!

ஆஸ்பெக்ஸில் இப்படிச் சிரட்டை வைத்தவை இரண்டு. இரண்டும் சேர்ந்து ஸ்விஸ் என்று பெயர். ஒன்று கிடைமட்டமாகச் சுற்றிப் பார்க்கும், மற்றது அதற்குக் குறுக்காக. 2023 நவம்பர் 2 அன்று அதை இயக்கினார்கள். அதற்கு முன்னாலேயே, செப்டம்பர் 10 அன்று, கலம் பூமியிலிருந்து 50,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தபோதே, ஸ்டெப்ஸ் என்ற இன்னொரு பாகம் எண்ணத் தொடங்கியது. அது ஆற்றல் மிகுந்த முரட்டுத் துகள்களுக்கு. ஆறு திசையில் ஆறு கண். 2024 ஜனவரி 6 அன்று கலம் தன் இடத்துக்கு, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தூரம் பெரிதாகத் தெரிகிறது, ஆனால் சூரியனுக்குப் போகிற வழியில் நூற்றில் ஒரு பங்குதான். சோதனைச்சாவடி என்று பார்த்தால் நல்ல இடம். அங்கே பதிவான காற்று பூமிக்கு வர ஒரு மணி நேரம் மாதிரி ஆகும்.

சரியாக ஒரு வருடம் கழித்து, 2025 ஜனவரி 6 அன்று, இஸ்ரோ தரவுகளைப் பொதுவில் விட்டது. பாப்பா அதில் ஒன்றை இறக்கி, வரைபடம் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை என் எடைச்சீட்டுப் புத்தகத்தின்மேல் வைத்தாள். கீழே ஆற்றல், பக்கவாட்டில் எண்ணிக்கை. ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் ஓங்கி ஒரு மேடு. இரண்டாயிரம் பக்கத்தில் குட்டையாக இன்னொரு மேடு.

"இது என்ன, ரெண்டு வேகத்துல வாற ஒரே சரக்கா, ஒரே வேகத்துல வாற ரெண்டு சரக்கா?" என்றேன்.

பாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வகுப்பில் பேராசிரியர் கேட்ட கேள்வி இதுதானாம். இதில் என் புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. மொத்த எடையில் காலி வண்டி எடையைக் கழித்தால் பதினாறு டன் என்று சீட்டு வரும். அந்தப் பதினாறு டன் சிமெண்டா, ஜல்லியா, நடுவில் வேறு எதையும் ஒளித்திருக்கிறார்களா என்று என் மேடைக்குத் தெரியாது. அதற்குத்தான் முன்னால் சாவடியில் தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்கிறார்கள்.

சிரட்டைச் சந்துக்கும் அதே குறைதான். அது பார்ப்பது ஆற்றலையும் அல்ல, எடையையும் அல்ல, ஆற்றலை மின்னேற்றத்தால் வகுத்த கணக்கை. ஆல்ஃபா புரோட்டானைவிட நாலு மடங்கு எடை, இரண்டு மடங்கு மின்னேற்றம். இரண்டும் ஒரே வேகத்தில் வந்தால் ஆல்ஃபாவுக்கு ஆற்றல் நாலு மடங்கு, இழுப்பு இரண்டு மடங்கு, ஆகவே கருவி அதை இரண்டு மடங்கு இடத்தில் காட்டும். நொடிக்கு 440 கிலோமீட்டரில் வருகிற புரோட்டான் ஆயிரத்தில் விழுந்தால், அதே வேகத்து ஆல்ஃபா இரண்டாயிரத்தில். இரண்டாவது மேடு ஹீலியம். ஆனால் இரண்டாயிரத்தில் விழுவது வேகமாக வந்த புரோட்டானாகவும் இருக்கலாமே? அதற்காகத்தான் ஸ்விஸின் முதல் கருவியில், சந்தைக் கடந்ததும் காந்தத்தையும் வைத்திருக்கிறார்கள். காந்தம் இரண்டையும் வேறு வேறு அளவில் திருப்பி, வேறு வேறு இடத்தில் விழ வைக்கும். தார்ப்பாயை அவிழ்க்கிற இடம் அது. நான் நாலைந்து தடவை கேட்டு வாங்கிய விஷயம் இது ஒன்றுதான், மற்றதெல்லாம் ஒரே தடவையில் புரிந்துவிட்டது.

இந்த இரட்டை மேடு புதிதும் இல்லை. 1962-ல் வெள்ளிக் கோளுக்குப் போன மாரினர் 2 கலமே வழியெல்லாம் அளந்து இதைப் பார்த்துவிட்டது. சூரியக் காற்று ஓயாமல் வீசுகிறது என்று சந்தேகமில்லாமல் காட்டியதும் அதுதான். அதற்கு நாலு வருடம் முன்னால், 1958-ல், இப்படி ஒரு காற்று இருக்க வேண்டும் என்று அமெரிக்க விஞ்ஞானி யூஜின் பார்க்கர் எழுதிய கட்டுரையை இரண்டு மதிப்பீட்டாளர்கள் வேண்டாம் என்றார்கள். பத்திரிகை ஆசிரியர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கே அந்தக் கருத்தில் நம்பிக்கை இல்லை, ஆனால் கணக்கில் பிழை காணோம், வெளியிட்டுவிட்டார். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஓட்டுநர் முகத்தைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்துச் சீட்டுப் போடுகிறவன் நான்.

கருவி சொல்வதை நம்புவதற்கு முன்னால் கருவியைப் பார்க்க வேண்டும் என்பதும் இந்தத் தொழில்தான் எனக்குச் சொல்லித் தந்தது. ஒரு மழைக்காலத்தில் இடி விழுந்து, மேடைக்கு அடியில் எடையை உணர்கிற லோடு செல்களில் ஒரு மூலையில் உள்ளது போய்விட்டது. புதிதாக மாட்ட வந்த மெக்கானிக் சிக்னல் ஒயர் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த லாரியின் முன் சக்கரம் அந்த மூலையில் ஏற ஏற, எடை குறைந்துகொண்டே போனது. அன்றைக்குப் பாதி நாள் வேலை போச்சு. இதைச் சொன்னபோது பாப்பா ஜெனிசிஸ் கதையைச் சொன்னாள். அதே 15 லட்சம் கிலோமீட்டர் இடத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் நின்று, சூரியக் காற்றைத் தகடுகளில் பிடித்துக்கொண்டு திரும்பிய நாசா கலம். 2004 செப்டம்பர் 8 அன்று பாராசூட் விரியாமல் யூட்டா பாலைவனத்தில் மோதியது. இறங்கும்போது வேகம் குறைவதை உணர வேண்டிய சுவிட்சைத் தலைகீழாக வைத்துவிட்டார்களாம். நொறுங்கிய தகட்டுத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தே ஆய்வு நடத்தியிருக்கிறார்கள். எங்கள் மெக்கானிக்கின் மேல் இருந்த கோபம் அத்தோடு போய்விட்டது.

என்னிடம் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. காலையில் முதல் லாரிக்கு முன்னால் வெறும் மேடை சைபர் காட்டுகிறதா என்று பார்ப்பேன். ஓயாத காற்றில் சைபர் எப்படிப் பார்ப்பார்கள்? அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. சூரியக் காற்று வரவே முடியாத மின்னழுத்தப் படிகளிலும் கருவி எண்ணிக்கொண்டுதான் இருக்கும். அங்கே விழுகிற எண்ணிக்கை கருவி தானாகவே உண்டாக்குகிற வெற்று எண்ணிக்கை, அல்லது வேறு எதுவோ. அதைக் கழித்துவிடுவார்கள். நல்ல யோசனைதான்.

நேற்று இரவு பதினொன்றரைக்கு லாரி எதுவும் இல்லை, காற்றும் இல்லை. இண்டிகேட்டர் 20 காட்டியது. லோடு செல்லில் மறுபடி ஈரம் இறங்கிவிட்டதோ என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். மேடை நடுவில் சாவடிப் பக்கத்துச் செவலை நாய் சுருண்டு படுத்திருந்தது.