கைரேகை கொடுத்துவிட்டு வந்தவர்

பக்கத்து வீட்டுப் பாட்டி இப்போது இருக்கும் வீட்டுக்கு நேற்று போயிருந்தேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இதை 'அடல்ட் ஃபாஸ்டர் கேர்' என்பார்கள். ஒரு குடும்பம் தாங்கள் குடியிருக்கும் வீட்டிலேயே, துணை தேவைப்படும் பெரியவர்கள் ஆறு பேர் வரை வைத்துப் பராமரிக்கலாம். ஆனால் 1979ஆம் ஆண்டின் 218ஆம் எண் சட்டப்படி மாநில உரிமம் கட்டாயம். வேலைக்கு வருபவருக்குக் குற்றப் பின்னணி இருக்கிறதா என்று அவர் கைரேகையை வைத்து மாநிலக் காவல்துறையும் எஃப்பிஐயும் சரிபார்க்கும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்கள் பாட்டியைப் பார்க்க வேண்டும். குளிக்க, உடுத்த, மாத்திரை போட எல்லாவற்றுக்கும் இன்னொருவர் கை வேண்டும். அதுவும் மூடிய கதவுக்குள். தப்பு நடந்தால் எடுத்துச் சொல்லக்கூட அவருக்கு நினைவு நிற்காது. நான் போனபோது, அப்படிக் கைரேகை கொடுத்துவிட்டு வேலைக்கு வந்த பணிப்பெண் பாட்டியின் நகத்தை மெதுவாக வெட்டிக்கொண்டிருந்தார். பாட்டி கையை நீட்டியபடி கண்ணயர்ந்திருந்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.