நோட்டீஸ் ஒட்டிய 30 நாள்

நான் கல்யாணம் செய்துகொள்ள இருந்தவர் இந்து, நான் கிறிஸ்தவள். இருவரும் இந்துவாக இருந்தால் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவில் சுயமரியாதைத் திருமணம் போதும், நோட்டீஸ் கிடையாது. மதம் மாற இருவருக்கும் மனமில்லை. அதனால் 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்தோம். அதில் முதலில் திருமண நோட்டீஸ் கொடுக்க வேண்டும்; ஆட்சேபம் வருகிறதா என்று பார்க்க அதை 30 நாள் அலுவலகப் பலகையில் ஒட்டி வைப்பார்கள்.

பதிவு அலுவலகத்துக்குப் போன முதல் நடை வீண். நோட்டீஸ் கொடுக்கும் முன் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும். எங்கள் வாடகை ஒப்பந்தத்துக்கு அன்றைக்கு 26 நாள்தான். தேதியை எண்ணிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டாம் நடையில் எழுத்தர், "பெரியவங்க யாரும் வரலியா?" என்றார். அடுத்து என்னிடம் மட்டும், "அம்மா என்ன வேலை?" வீட்டு வேலை செய்கிறார் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு அவரைப் பார்த்து, "தம்பி, நல்லா யோசிச்சுட்டீங்களா?" என்றார். சட்டத்தோடு இணைந்த நோட்டீஸ் படிவத்தில் சாதி, மதம், பெற்றோர் தொழில் எதற்கும் கட்டமே இல்லை. இதெல்லாம் அவராகக் கேட்டது. உடம்பெல்லாம் கொதித்தது. பெற்றோர் சம்மதம் சட்டத்தில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். பேசாமல் வாங்கிக்கொண்டார்.

உண்மையான ஆபத்து அதற்குப் பிறகுதான். நான் மணக்க இருந்தவருடைய நிரந்தர முகவரி வேறு மாவட்டம். நோட்டீஸின் நகல் அங்கேயும் போய்ப் பலகையில் ஏறும், நாங்கள் குடியிருக்கும் முகவரியோடு. இதை யாரும் முன்னால் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் அவருடைய சித்தப்பா எங்கள் வாசலில் நின்றார். மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "பாத்திரம் தேய்க்கிறவ வீட்லயா சம்பந்தம்?" என்றுதான் கத்தினார்.

ஆட்சேபம் எழுதியும் கொடுத்தார். நிற்கவில்லை. உயிரோடிருக்கும் கணவன் அல்லது மனைவி, வயது, மனநிலை, விலக்கப்பட்ட உறவுமுறை என்று 4-ம் பிரிவு சொல்பவை மட்டுமே ஆட்சேபம். 'ஈடான குடும்பம் இல்லை' என்பது அதில் இல்லை.

நோட்டீஸ் கொடுக்கும் முன்பே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு மனு கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். கலப்பு மணத் தம்பதிகளின் புகாரைப் பெற மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று 2018-ல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. நாங்கள் பிந்திக் கொடுத்தோம், அதுவரை பதினோரு ராத்திரி தூக்கமில்லை. இன்னொன்று, நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருமணம் முடியாவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

சாட்சி மூன்று பேர். முதல் சாட்சி என் அம்மா. அதே எழுத்தர்தான் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அம்மா ஒவ்வொரு எழுத்தாகத் தன் முழுப் பெயரையும் எழுதி முடிக்கும்வரை அறையில் எல்லாரும் காத்திருந்தோம்.