வெற்றுத்தாள்

2019 செப்டம்பர் 24 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை இன்றைக்கு மறுபடி படித்தேன். எத்தனை முறை படித்தாலும் சிலிர்க்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறும் பிரெக்சிட்டுக்குக் கெடு அக்டோபர் 31. அதற்கு முன்னால் நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கும்படி பிரதமர் போரிஸ் ஜான்சன் ராணிக்கு ஆலோசனை சொல்ல, அவரும் ஒப்புதல் தந்துவிட்டார். தொழிலதிபரும் செயற்பாட்டாளருமான ஜினா மில்லர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். இது அரசியல் விவகாரம் என்று லண்டன் உயர் நீதிமன்றம் கைவிரித்தது. ஸ்காட்லாந்தில் எம்.பி. ஜோவன்னா செர்ரியும் மற்றவர்களும் போட்ட வழக்கிலோ முடக்கம் செல்லாது என்றார்கள் அங்கே மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள்.

சரி, உச்ச நீதிமன்றம் என்ன செய்தது? பிரதமரின் உள்நோக்கத்தைத் தோண்டவில்லை. நாடாளுமன்றத்தை அதன் வேலையைச் செய்யவிடாமல் தடுக்க நியாயமான காரணம் உண்டா என்று மட்டும் கேட்டது. புதிய கூட்டத்தொடரில் அரசின் திட்டங்களை ராணி வாசிக்கும் ‘ராணி உரை’க்குத் தயாராக வழக்கமாக நான்கு முதல் ஆறு நாள் போதும் என்று ஜான்சன் கட்சியின் முன்னாள் பிரதமர் ஜான் மேஜரே சாட்சியம் தந்திருந்தார். பிறகு ஐந்து வாரம் எதற்கு என்ற கேள்விக்கு அரசிடம் பதில் இல்லை.

11 நீதிபதிகளும் ஒரே குரல். முடக்க ஆணை வெறும் வெற்றுத்தாளுக்குச் சமம் என்று தலைவர் பிரெண்டா ஹேல் நிதானமாக வாசித்தார். மறுநாளே எம்.பி.க்கள் அவைக்குத் திரும்பினார்கள். முடக்கம் பற்றிய பதிவையும் அவைக் குறிப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள்.