பல்லா, தாடையா?

கச்சான் என்கிற மேல்காற்று வீசும் மாதங்களில் தனுஷ்கோடி சாலையில் பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும். முகுந்தராயர் சத்திரம் தாண்டிவிட்டால் தார் ரோட்டின் மேல் மணல் ஊர்ந்துகொண்டே இருக்கும். 2024 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவையிலிருந்து வந்திருந்த மச்சானைப் பின்னால் உட்காரவைத்து அரிச்சல்முனைக்குப் போகும்போது அந்த மணலில்தான் முன்சக்கரம் வழுக்கியது. மச்சானுக்கு முழங்கையில் சிராய்ப்பு. எனக்கு முகவாய் நேராக ரோட்டில் மோதியது. ஹெல்மெட் போட்டிருந்தேன், ஆனால் முகத்தை மூடாத பாதி ஹெல்மெட்.

வாயில் மணலும் ரத்தமும். மேல் முன்பல் இரண்டைக் காணோம், பக்கத்துப் பல் பாதி உடைந்திருந்தது. விழுந்த பல்லை வேர்ப்பக்கம் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் கொண்டுபோனால் திரும்பப் பொருத்திவிட வாய்ப்பு உண்டு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று தெரிந்திருந்தாலும் அந்த மணலில் எங்கே போய்த் தேடுவது.

ராமேஸ்வரம் அரசு மருத்துவமனையில் இருந்த டாக்டர் என் பல்லைப் பெரிதாகப் பார்க்கவில்லை. "தம்பி, வாயை மூடிக் கடிங்க. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் எப்பவும் போலச் சேருதா?" என்றார். சேரவில்லை. இடது பக்கம் இடித்தது, வலது பக்கம் இடைவெளி. கீழுதடு மரத்துப்போயிருந்தது. "பல்லு போனது இருக்கட்டும், தாடை உடைஞ்சிருக்கு" என்று சொல்லி, தையல் போட்டு, விபத்துப் பதிவேட்டில் எழுதினார். ஏ.ஆர். என்பார்களே, அதுதான். எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி விழுந்தான், மூச்சில் மது வாசனை இருக்கிறதா என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த நேரத்தில் எனக்கு அது வெறும் காகிதம். பின்னால் காப்பீட்டுப் பணம் வாங்குவதில் பல் டாக்டர், தாடை டாக்டர், வக்கீல் எல்லாம் சேர்ந்து செய்யவேண்டிய வேலையை அந்த ஒரு காகிதமே செய்தது.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதால் இ.எஸ்.ஐ. கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும், அதுவும் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் என்பதால் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய்க்கு ஒரு தனியார் மருத்துவக் காப்பீடு எடுத்து மூன்று வருடமாகக் கட்டிவந்தேன். கையேட்டை ஒருநாளும் பிரித்துப் படித்ததில்லை.

தாடையில் பிளேட் வைக்கவேண்டும் என்றதும் மதுரைக்குப் போனோம். பரமக்குடி வரைக்கும் இரண்டு வழிச் சாலை, ஒவ்வொரு வேகத்தடையையும் தாடை எண்ணியது. அதற்குப் பிறகு நான்கு வழி, கொஞ்சம் நிம்மதி. தனியார் மருத்துவமனையில் சேர்த்ததும் மனைவி இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் அட்டையைக் கொடுத்தாள். கேஷ்லெஸ், அதாவது காப்பீட்டுக் கம்பெனியே மருத்துவமனைக்கு நேராகக் கட்டுவது, கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்லவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அந்த ஆண்டு மே மாதம்தான் உத்தரவு போட்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் பதிலும் வந்துவிட்டது: பல் சிகிச்சைக்குக் காப்பீடு இல்லை.

டெஸ்க்கில் இருந்த பெண் விண்ணப்ப நகலைக் காட்டினாள். நோய் விவரம் என்ற இடத்தில் முதல் வரி 'முன்பற்கள் இழப்பு, பல் உடைப்பு'. தாடை எலும்பு முறிவு மூன்றாவது வரியில் ஒண்டிக்கொண்டிருந்தது. துறை என்ற இடத்தில் 'பல் மற்றும் முகத்தாடை அறுவை சிகிச்சை'. காப்பீட்டுக் கம்பெனியில் அதைப் பார்த்தவர் 'பல்' என்ற சொல்லைத் தாண்டிப் படிக்கவில்லை போலிருக்கிறது. திருத்தி அனுப்பலாமா என்று மனைவி கேட்டாள். இனி நேரமில்லை, பணம் கட்டிவிட்டு அப்புறம் கேளுங்கள் என்றார்கள். நகை அடகுக்குப் போனது.

கேஷ்லெஸ் இல்லை என்று சொன்னால் கிளெய்மே இல்லை என்று அர்த்தமில்லை. இதை எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. நாமே கட்டிவிட்டு, ரசீதுகளை வைத்துப் பிறகு திரும்பக் கேட்கலாம். பக்கத்துப் படுக்கையில் இருந்தவரின் மகன்தான் மனைவியிடம் சொல்லியிருக்கிறான். "அக்கா, டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் படிச்சுப் பார்த்துட்டு வாங்க."

பொய் எழுதச் சொல்லிக் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. உள்ளதை உள்ள வரிசையில் எழுதச் சொன்னோம். சாலை விபத்து, அதனால் கீழ்த்தாடை எலும்பு முறிவு, முழு மயக்கத்தில் டைட்டானியம் பிளேட் பொருத்திய அறுவை சிகிச்சை, கூடவே பற்களில் அடிபட்டது. சர்ஜன் சிரித்துவிட்டு, "எங்க துறைக்கே இந்தப் பிரச்சினைதான்" என்று சொல்லித் திருத்திக் கொடுத்தார்.

மொத்தச் செலவு 1,46,300 ரூபாய். வீட்டுக்கு வந்ததும் கையேட்டைப் பிரித்தேன். பல்லில் கம்பி கட்டி வாய் மூடியிருந்தது, படிப்பதைத் தவிர வேறு வேலையில்லை. பெரும்பாலான பாலிசிகளில் இருக்கிற அதே வாசகம் என் பாலிசியிலும் இருந்தது. பல் சிகிச்சை கிடையாது. விபத்துக் காயத்தால் தேவைப்பட்டு, மருத்துவமனையில் சேர்த்துச் செய்தால் மட்டும் உண்டு. அந்த 'மட்டும்'தான் என் ஆதாரம். புதிய பாலிசியில் முதல் 30 நாளுக்குக் கிளெய்ம் கிடையாது என்ற விதியிலும் விபத்துக்கு விலக்கு இருக்கிறது.

எல்லா அசலையும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு அனுப்பினேன். அசல் ஒருமுறை போனால் திரும்ப வருவது கஷ்டம். பதினைந்து நாளில் கேள்வி வந்தது. ஏ.ஆர். நகல் எங்கே? போலீஸில் பதிவு உண்டா? குடித்திருந்தாரா, டாக்டர் கையெழுத்தோடு எழுதித் தரவும். பிளேட்டின் ஸ்டிக்கர் எங்கே? பிளேட்டும் ஸ்க்ரூவும் வருகிற பாக்கெட்டில் எண்ணோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதை மருத்துவமனை கேஸ் ஷீட்டில் ஒட்டிவைத்திருக்கும். அதற்காக மச்சான் மறுபடியும் மதுரை போனான். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். என்கிற புகார் ரசீது வாங்குவதற்குள் இரண்டு நாள் போயிற்று. தானே விழுந்ததற்கு எதற்குப் புகார் என்று அவர்களுக்கும் சந்தேகம். ஏ.ஆர். நகலைக் காட்டிய பிறகுதான் எழுதிக் கொடுத்தார்கள்.

இதற்கிடையில் என் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். வேலை பார்ப்பது நண்டு கம்பெனி, வீடு பாம்பன், மீன் வாசனை இல்லாத மூலையே கிடையாது. நான் மட்டும் ஸ்ட்ராவில் கஞ்சி. அம்மா நண்டைத் தட்டி ரசம் வைத்து, மெல்லிய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டித் தருவாள். ஓட்டுத் துகள் ஒன்று கம்பியில் சிக்கினாலும் அன்றைக்கு முழுக்க நாக்கு அதையே நோண்டிக்கொண்டிருக்கும்.

அக்டோபரில் 1,31,400 ரூபாய் வங்கிக்கு வந்தது. கையுறை, சோப்பு, பதிவுக் கட்டணம் மாதிரி சங்கதிகளுக்காக 14,900 பிடித்திருந்தார்கள். நகையை மீட்டோம்.

அப்புறம் இரண்டாவது சுற்று. என் பாலிசியில் டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் வரையான செலவைக் கேட்கலாம். மருந்து, எக்ஸ்ரே, கம்பி எடுத்தது எல்லாம் சேர்த்து 6,400. உடைந்த பல்லுக்கு ரூட் கெனால் 5,500. முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதை மறுத்தார்கள். காரணம் மறுபடியும் அதே ஒரு வரி, பல் சிகிச்சை. இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை, எழுத உட்கார்ந்தேன். காப்பீட்டுக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு ஒரே பக்கம். விபத்தன்று ஏ.ஆரில் அந்தப் பல் உடைந்ததாகப் பதிவு இருக்கிறது, டிஸ்சார்ஜ் சம்மரியில் அதற்கு ரூட் கெனால் செய்யச் சொல்லியிருக்கிறது, செய்த தேதி 60 நாளுக்குள், எனவே அதே விபத்தின் தொடர் சிகிச்சை. அவ்வளவுதான். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கிற அதிகாரி) ஒரு வருடத்துக்குள் போகலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். போகத் தேவைப்படவில்லை. மூன்றாவது வாரம் 5,500 வந்தது.

போன இரண்டு பல்லுக்கு வைத்த பிரிட்ஜுக்கு, அதாவது இரு பக்கத்துப் பற்களையும் பிடித்து நிற்கிற செயற்கைப் பல்லுக்கு, காசு வரவில்லை. எலும்பு ஆறட்டும் என்று டாக்டர் சொன்னதால் ஐந்து மாதம் கழித்துத்தான் வைத்தேன். 60 நாள் தாண்டிவிட்டது, மருத்துவமனையில் படுக்கவும் இல்லை. நாலு பல் நீளத்துக்கு 28,000 ரூபாய், சொந்தக் காசு. ராமநாதபுரத்தில் செய்தேன். புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள், லீவு கிடைக்காமல் விட்டேன். அந்தச் சோம்பலுக்கு நானேதான் பொறுப்பு.

கம்பெனியில் விஷயம் பரவி, சொத்தைப் பல்லுக்கு ரூட் கெனால் செய்தவர், பல் சுத்தம் செய்தவர் எல்லாம் ரசீதோடு என் மேசைக்கு வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: விழுந்தீங்களா, ஆஸ்பத்திரியில் படுத்தீங்களா? இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் என் பாலிசி மாதிரிப் பாலிசியில் ஒன்றும் வராது. வெளிநோயாளி பல் சிகிச்சையைச் சேர்த்துக்கொள்கிற பாலிசிகள் தனியாக இருக்கின்றன, பிரீமியமும் அதற்கேற்ற மாதிரி. போன வாரம் நண்டு எடை போடுகிற அண்ணன் மட்டும் சரியான விஷயத்தோடு வந்தார். மகன் வல்லம் படகிலிருந்து ஜெட்டி மேடையில் தாவும்போது வழுக்கி முகவாய் அடிபட்டுவிட்டதாம், நாளைக்கு மதுரை போகிறார்களாம். "ஏ.ஆர். போட்டாச்சாண்ணே?" என்று கேட்டேன். இல்லை என்றார். கணக்கு நோட்டை மூடிவிட்டு அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். இப்போது முகத்தை முழுசாக மூடுகிற ஹெல்மெட்.