குமமோட்டோ (ஜப்பான்) நாட்குறிப்பு, நவம்பர்

நவம்பர் 10

வயிற்றுப்பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் மகளை மதியம் 2 மணிக்கு மேல்தான் பார்க்க விடுவார்களாம். அதுவரை எங்கே போவது? மாப்பிள்ளை டிராமில் ஏற்றிவிட்டார். கோட்டை நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டேன்.

கோட்டையின் நினோமாரு திடலில் கற்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எண். 2016 ஏப்ரல் 14இல் ஒரு நிலநடுக்கம், 16இல் அதைவிடப் பெரிதாக இன்னொன்று. அப்போது சரிந்த மதிலின் கற்கள் இவை. பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு, எந்தக் கல் எங்கே இருந்ததோ அங்கேயே திரும்ப வைக்கிறார்கள். ஒரு கல்லின் ஒரு முகத்தில் மட்டும் பாசி காய்ந்து ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம்தான் வெளியே தெரிந்திருக்கும். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 11

33 வாரம் 2 நாள். கால் வீக்கம் வடியவில்லை.

நவம்பர் 13

மழை. வெளியே போகவில்லை. ரசம் வைத்துக் கொண்டுபோனேன், இரண்டு வாய் குடித்தாள். இந்த ஊரில் 7 லட்சம் பேருக்கும் குழாயில் வருவது நிலத்தடி நீர்தான். அசோ மலைப் பக்கம் பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி இங்கே வந்து சேர 20 வருஷம் ஆகும் என்கிறார்கள். அவள் ஸ்கூலில் படித்தபோது பெய்த மழை.

நவம்பர் 14

மறுபடியும் கோட்டை. இந்தப் பகுதியை ஆண்ட பிரபு கதோ கியோமாசா 1607இல் கட்டி முடித்தது. 1877 போரில் முற்றுகைக்குச் சில நாள் முன்னால் கோபுரம் எரிந்துபோனது. இப்போது இருப்பது 1960இல் கான்கிரீட்டில் எழுப்பியது. கோபுரம் போனாலும் மதில் விடவில்லை. அரசை எதிர்த்துக் கிளம்பிய சைகோ தகமோரியின் படை 50 நாளுக்கு மேல் சுற்றி நின்றும் உள்ளே வர முடியவில்லை. கீழே ஏறிவிடலாம் போலச் சாய்வாகத்தான் இருக்கிறது, மேலே போகப் போக நிமிர்ந்து செங்குத்தாகிவிடுகிறது.

ஆனால் என் மனம் ஈதாமாரு என்ற காவல்மாடத்தின் படத்திலேயே நிற்கிறது. நிலநடுக்கத்தில் அடிமதில் சரிந்துபோக, மூலையில் மிஞ்சிய ஒற்றைக் கல் வரிசை மேலே இருந்த கட்டடத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு வரிசை.

நவம்பர் 15

தூக்கம் வரவில்லை. அந்த ஒற்றை வரிசை.

நவம்பர் 17

பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. என்னை உட்காரச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேசவில்லை.

கோட்டையை முழுக்கச் சரிசெய்து முடிக்க 2052 ஆகுமாம். முதலில் 2037 என்றிருந்தார்களாம். ஆகட்டும். அவசரத்தில் ஒரு கல்லை மாற்றி வைப்பதைவிட 15 வருஷம் தள்ளிப்போவது மேல். அப்போது எனக்கு 88. பிறக்கப்போகும் பிள்ளைக்கு 27.

இதுவும் அவசரப்படாமல் 37 வாரம் வரை உள்ளேயே இருக்கட்டும், முருகா.

நவம்பர் 18

கோட்டை ஜிங்கோ மரம் மஞ்சளாகிவிட்டது. முற்றுகை வந்தால் கொட்டையைச் சாப்பிடலாம் என்று கியோமாசா நட்டதாகச் சொல்கிறார்கள். அதுவும் 1877இல் எரிந்து, அப்புறம் அடியிலிருந்து துளிர்த்த மரம். கீழே கிடந்த ஓர் இலையை நோட்டுக்குள் வைத்திருக்கிறேன், அவளுக்குக் காட்ட.

நாளை 10 மணிக்கு ஸ்கேன்.